பூட்டுமலையின் ஏழாம் அத்தியாயம்

ஷோபனாவுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் எண் போட்டு எழுதிவிட்டால் உலகம் அதன்படி நடந்துகொள்ளும் என்று நம்புவாள். வீட்டுச் சமையலறைச் சுவரில் சிலிண்டர் மாற்றுவதற்கு ஐந்து விதிகள் எழுதி ஒட்டியிருக்கிறாள். கணவன் பிரகாஷ் ஐந்தையும் மீறித்தான் மாற்றுவான், அடுப்பும் எரியத்தான் செய்யும். திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் அவள் நடத்தும் ஜெராக்ஸ் கடையிலும் ஒரு பலகை தொங்குகிறது. 'வந்த வரிசையில் நகல் எடுக்கப்படும். அவசரம் என்பவர்களுக்குக் கடைசியில்.' படிப்பவர்கள் சிரித்துவிட்டு, "கொஞ்சம் அவசரம்ங்க" என்பார்கள்.

இப்படிப்பட்டவள் கையில் ஒரு விளையாட்டு கிடைத்தால் சும்மா விடுவாளா? சென்னையில் படித்தபோது ஹாஸ்டலில் கற்றுக்கொண்டது அது. மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக்கொண்டு, "நான் இப்ப செவுரு ஏறிக் குதிக்கறேன்" என்பார்கள். குதித்தவர் காலை உடைத்துக்கொண்டாரா இல்லையா என்பதை இரண்டு பகடைகள் சொல்லும். எந்தக் காரியத்துக்குப் பகடையில் எத்தனை விழ வேண்டும் என்று சொல்ல ஒரு விதிப் புத்தகம் இருக்கும். ஷோபனாவுக்கு அந்தப் புத்தகத்தின் மேல்தான் காதல்.

மூன்று வருடமாக அவளே ஒன்று எழுதிக்கொண்டிருந்தாள். பெயர் 'பூட்டுமலை'. நூற்றைம்பது வருடம் கழித்து ஒரு மலையூரில் நடக்கும் கதை. மலைமேல் இருக்கும் அத்தனை கதவுகளும் கைரேகை, கண், முகம் பார்த்துத்தான் திறக்கும். சாவி என்ற பொருளையே ஜனங்கள் மறந்துவிட்டார்கள். அடிவாரத்தில் இருக்கும் திருடர்கள் அந்தக் கதவுகளை ஏமாற்றி உள்ளே போக வேண்டும். இதுதான் ஆட்டம். சென்னையில் அடுத்த மாதம் ஆட்டக்காரர்கள் கூடுகை ஒன்று நடக்கிறது. அதில் ஷோபனாவுக்கும் ஒரு மேஜை ஒதுக்கியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் அரக்கோணத்து அச்சகத்தில் கொடுத்தால்தான் புத்தகம் அதற்குள் கைக்கு வரும்.

நூற்று நாற்பது பக்கமும் தயார், ஏழாம் அத்தியாயம் தவிர. 'கை, கண், முகம்: பூட்டுகளை ஏமாற்றும் விதிகள்' என்பது அதன் தலைப்பு. மற்ற அத்தியாயங்களெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான் இருக்கின்றன. பதினோரு பக்கம் அட்டவணை. கைரேகைப் பூட்டுக்கு ஒன்பது விழ வேண்டும், கண்ணுக்குப் பத்து, முகத்துக்குப் பதினொன்று. மெழுகு அச்சு வைத்திருந்தால் இரண்டு கூட்டிக்கொள்ளலாம், கை நடுங்கினால் ஒன்று கழியும். எழுதும்போது தேனாக இருந்தது. ஆடிப் பார்த்தால்தான் விவரம் தெரிந்தது. எண்ணைக் குறைத்தால் திருடர்கள் மாமியார் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்துவிடுகிறார்கள். கூட்டினாலோ வாசலிலேயே கிடக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரே கதவின் முன்னால் ஒன்றரை மணி நேரம் பகடை உருட்டினார்கள். அதில் ஒருத்தி காகிதக் கட்டின் மேல் தலை சாய்த்துத் தூங்கியே போனாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஷோபனாவுக்கு உள்ளூரப் பயம். அந்தச் சென்னை மேஜையில் வெளிநாட்டுப் புத்தகங்களை வைத்து ஆடிப் பழகியவர்கள் வந்து உட்காருவார்கள். அவர்களைத் தன் மலைக்கு, தன் படிக்கட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. கதவு வந்ததும் அவர்கள் கொட்டாவி விட்டால் அவளால் தாங்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அத்தியாயம் தேறியாக வேண்டும். தேறாவிட்டால் புத்தகம் அச்சுக்குப் போகாது என்று பிரகாஷிடம் சொல்லிவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு முதலில் வந்தவர் துளசிங்கம். ஷோபனாவின் அக்கா கணவர், அவளுக்கு 'பாவா'. அரக்கோணத்தில் ரயில்வே எலக்ட்ரீசியன். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார். அவர் ஆடும் திருடனின் பெயர் மின்னல்.

அடுத்து தணிகாசலம் கொத்தனார். இந்தக் கடைக்கு மாடியறை கட்ட வந்தவர். ஞாயிறு மதியம் சாரத்தில் நின்றபடியே ஆட்டத்தை வேடிக்கை பார்த்தார். "அந்த செவுத்த ஏன் ஏறணும், அடியில ரெண்டு கல்ல உருவுனா போதுமே" என்று மேலிருந்து ஒரு யோசனை சொன்னார். வேலை முடிந்தது, ஆள் மட்டும் போகவில்லை. அவர் திருடனுக்குத் தன் தொழில் கருவியின் பெயரையே வைத்திருந்தார், கரணை என்று.

கடைசியில் யோகலட்சுமி. ஷோபனாவோடு பத்தாவது வரை படித்தவள். கனகம்மாசத்திரம் பக்கத்தில் ஒரு ஊரில் ரேஷன் கடை விற்பனையாளர். மாதத்தின் கடைசி இரண்டு ஞாயிறுகளில்தான் அவளுக்கு ஓய்வு. அதனால் ஆட்டமும் அந்த ஞாயிறுகளில்தான். போன வாரம் தூங்கியவள் இவள்தான்.

"இன்னிக்காவது கதவு தெறக்குமா, இல்ல தலகாணி எடுத்தாரவா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள்.

"தெறக்கும் டீ. மாத்தி எழுதியிருக்கேன்."

ஷோபனா நோட்டைத் திறந்து ஏழாம் அத்தியாயத்தின் முதல் விதியைப் படித்தாள். "ஏழு புள்ளி ஒன்று. பூட்டின் உரிமையாளர் வந்து நின்றால் பூட்டு திறக்கும். அவருக்குப் பகடை தேவையில்லை."

யோகலட்சுமி வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் சிரித்தாள். சிரிப்பு அடங்கவில்லை, புரையேறியது. தணிகாசலம் அவள் தலையில் தட்டி, தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார்.

"இன்னா டீ சிரிக்கற?"

"உரிமையாளர் வந்தா தெறக்குமாமே! நல்லா எழுதின போ. இந்த அண்ணன கேளு."

தணிகாசலம் தன் இரண்டு கட்டைவிரலையும் மேஜை மேல் வைத்தார். சிமெண்ட் தின்ற விரல்கள். பளிங்கு மாதிரி வழவழவென்று இருந்தன. "எனக்கு ரேஷன் கார்டு யோகாம்மா கடையிலதான். பத்து வெரலையும் வெப்பேன். மிஷின் ஒண்ணத்தயும் நம்பாது. என் அரிசிய வாங்க நான் என்னா மாதிரி பூஜ போடுவேன் தெரியுமா? வெரல துடைப்பேன், ஊதுவேன், தலையில எண்ண தடவி இருப்பேன்ல, அதுல தேய்ச்சிட்டு வெப்பேன். 'மீண்டும் முயலவும்'னுதான் சொல்லும். திருடனுக்காவது மெழுகு அச்சு இருக்குது. எனக்கு அதுவும் இல்ல."

"அண்ணா, அது நெசம். இது ஆட்டம்" என்றாள் ஷோபனா. குரலில் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது. "எல்லாருக்கும் பகடை போட்டா கத நகராது. மொதலாளிக்குத் தெறக்கும், அவ்ளோதான்."

"சரி, நகத்து நகத்து" என்றாள் யோகலட்சுமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கதை இதுதான். பூட்டுமலையின் முதலாளி பரசுராமன் ஏரி மதகைத் திறக்கும் இரும்புத் திருகைக் கழற்றி எடுத்துப்போய் மலையுச்சி அறையில் பூட்டி வைத்துவிட்டான். கீழே ஊர் வயல் காய்கிறது. மூன்று திருடர்களும் அந்தத் திருகைக் கொண்டு வர வேண்டும். நாள், ஆடிக் கிருத்திகை. அன்றைக்கு மலையில் எள் போட்டால் எள் விழாது. திருடர்கள் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிடலாம் என்றுதான் ஷோபனா அந்த நாளை வைத்தாள்.

ஆனால் படிக்கட்டு நெடுக முகம் பார்க்கும் கண்ணாடிகள். மூன்று பேரும் பழைய குற்றவாளிகள். முகம் பதிவாகியிருக்கிறது. ஒரு கண்ணாடி பார்த்தாலும் மணியடித்துவிடும்.

"இன்னா பண்றீங்க?" என்றாள் ஷோபனா.

துளசிங்கம் அட்டவணையைப் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. "ஏழு புள்ளி ஆறு. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய எவரையும் முகப்பூட்டுக்கு அடையாளம் தெரியாது. இதுக்குப் பகடையே வாணாம். மூணு பேரும் மொட்ட போட்டுக்கறோம்."

இந்த விதி பிரகாஷ் தந்த கொடை. போன ஆடிக் கிருத்திகைக்கு மொட்டையும் தாடியும் எடுத்துச் சந்தனம் பூசிக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்து போனை எடுத்தான். போன் அவனை யாரோ என்று நினைத்துவிட்டது. நம்பர் போட்டுத் திறக்கலாமென்றால் நம்பர் மறந்துபோயிற்று. பெண்டாட்டியைக் கூப்பிடக்கூட வழியில்லாமல் இரண்டு மணி நேரம் கூட்டத்தில் அவளைத் தேடி அலைந்தான். அன்று இரவே ஷோபனா அதற்கு எண் போட்டுவிட்டாள்.

"ஷோக்கான யோசன" என்றார் தணிகாசலம். "எனக்குப் போட மசுரே இல்ல. பாதி வேல முடிஞ்சிது."

மூன்று திருடர்களும் மொட்டையோடு காவடிக் கூட்டத்தில் கலந்து மலையேறினார்கள். கண்ணாடிகள் ஒன்றும் சொல்லவில்லை. உச்சியில் அந்தப் பூட்டறை வந்தது. முகம் ஒரு பூட்டு, முகம் தவறினால் கட்டைவிரல் என்று இரட்டைக் காவல். போன வாரம் எல்லோரும் நின்றுபோன கதவு இதுதான்.

ஆனால் துளசிங்கம் பகடையை எடுக்கவே இல்லை. "நாங்க ஏன் ஒடைக்கணும்? தூண் பின்னால ஒளிஞ்சிக்கறோம். பரசுராமன் வருவான். உரிமையாளர் வந்தா தெறக்கும்னு ஏழு புள்ளி ஒண்ணு சொல்லுது. தெறந்த ஒடனே பின்னாலயே நொழைஞ்சிடறோம்."

ஷோபனாவின் முகம் மலர்ந்தது. கதவு நகர்கிறது! எழுந்து நின்று, குரலைத் தடிமனாக்கி, முதலாளி வருவதைச் சொல்ல ஆரம்பித்தாள். "மேளம் கேக்குது. ஆளுங்க வெலகறாங்க. பரசுராமன் வரான். எப்பேர்ப்பட்டவனா இருந்தாலும் பக்தியில கொற வெக்க மாட்டான். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மொட்ட போட்டு, சந்தனம் பூசி, பொய்கையில முழுகிட்டு..."

அங்கே நிறுத்தினாள்.

மேஜையைச் சுற்றி மூன்று முகங்களும் அவளையே பார்த்தன. துளசிங்கம் மெல்ல, மிக மரியாதையாகக் கேட்டார். "ஷோபா, அவரும் மொட்டையா?"

"...இருபத்திரெண்டாம் பக்கத்துல அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"அப்ப அவர யாருன்னு கதவுக்குத் தெரியாதே."

"பாவா, ஏழு புள்ளி ஒண்ணு..."

"ஏழு புள்ளி ஆறு 'எவரையும்'னு சொல்லுது. நீதான் எழுதின. அப்படி இல்லன்னா பிரகாஷ் போன் தெறந்திருக்கணும். அது அவன் போன்தான?"

ஷோபனா கட்டைவிரலுக்குத் தாவினாள். "சரி, வெரல் வெக்கறார்."

"பொய்கையில மூணு முழுக்கு போட்டவரு" என்றார் தணிகாசலம். "வெரல் ஊறி சுருங்கி, பனங்கெழங்கு மாதிரி இருக்கும். ஈர வெரலுக்கு நீயே ஒரு விதி வெச்சிருக்கல்ல?"

வைத்திருந்தாள். ஏழு புள்ளி நாலு: தண்ணீரில் ஊறிய விரலைப் பூட்டு ஏற்காது.

அப்புறம் எழுந்த சிரிப்பைக் கேட்டு எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மலையுச்சியில், தன் சொந்தப் பூட்டறை வாசலில், சொந்தக்காரன் ஈர வேட்டியோடு நிற்கிறான். அவன் திறப்பான் என்று தூண் பின்னால் மூன்று திருடர்கள் காத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் திறக்காது. எல்லோரும் மொட்டை.

ஷோபனாவும் முதலில் சிரித்தாள். சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. கதவு மறுபடியும் நின்றுவிட்டது. இந்தத் தடவை பகடைகூட உருட்ட முடியாதபடி, அவள் விதிகளே அவளைக் கட்டிப் போட்டுவிட்டன. நடத்துகிறவள் என்ற அதிகாரத்தில் 'திறந்தது' என்று சொல்லிவிடலாம். யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் அது பொய்யாக இருக்கும், அவளுக்கே தெரியும். நோட்டை மூடினாள்.

"உடுங்க. நாளைக்கு அச்சுக்குக் குடுக்கல. சென்னைக்கும் போல. சொல்லிடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. துளசிங்கம், "அப்படியெல்லாம் பேசாத மா, நான் கணக்கு போட்டுத் தரேன்" என்று பென்சிலை எடுத்தார். அவர் கணக்கால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஷோபனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

யோகலட்சுமி முறுக்குப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். "ஷோபா, ஒண்ணு கேக்கறேன். அந்த மிஷின் பக்கத்துல யார் இருக்கா?"

"யாரும் இல்ல. மிஷின்தான்."

"யாரும் இல்லாத மிஷினா? நான் பாத்ததே இல்லயே."

"இன்னா சொல்ற?"

"என் கடையில தெனம் நடக்கறதத்தான் சொல்றேன். வெரல் வெப்பாங்க, விழாது. இன்னொரு வெரல், அதுவும் விழாது. கண்ண காட்டச் சொல்வேன், பொர விழுந்த கண்ண அது ஏத்துக்காது. அப்புறம் சிக்னல் போயிடும். கடைசியில மிஷின் கம்முனு ஆயிடும். அப்ப அவங்க இன்னா பண்ணுவாங்கன்ற? மிஷினப் பாக்க மாட்டாங்க. என் மூஞ்சியப் பாப்பாங்க. நான் அவங்க மூஞ்சியப் பாப்பேன். இந்தம்மா நம்ம ஊர் அம்மாதானான்னு நான்தான் சொல்லணும். நோட்டுல எழுதிக் குடுக்கறதா, திருப்பி அனுப்பறதான்னு நான்தான் பாக்கணும். அது மிஷினுக்குத் தெரியாது டீ."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்கணும்" என்றார் தணிகாசலம்.

"பூசாரி நான்தான். எழுந்திரு" என்று யோகலட்சுமி எழுந்தாள். ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் போய், அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். "என் திருடி தூண் பின்னாலயே இருக்கட்டும். நான்தான் இப்ப கதவுக்காரி. வா, மொதலாளி."

ஷோபனா தயங்கினாள். இப்படி ஒரு விதி இல்லை. ஆனால் கதவுக்காரி முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷோபனா மூக்கை உறிஞ்சிவிட்டுக் குரலைத் தடிமனாக்கினாள். "ஏய், கதவத் தெற."

"மிஷின் தெறக்கலீங்களே சார்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"அத்தத்தான சார் மிஷினும் கேக்குது."

தணிகாசலம் தொடையில் தட்டினார். ஷோபனாவுக்கும் சூடு பிடித்தது. "இந்த மலையே என்னோடது! வாசல்ல பலகையில என் பேர் இருக்குது, போய்ப் பாரு."

"பேரு எனக்கும் தெரியும் சார். அந்தப் பேரு உங்களுதான்னு எப்படித் தெரியும்? காலையிலருந்து ஆயிரம் மொட்ட பாத்துட்டேன். சந்தனம் காஞ்சா எல்லாம் ஒரே மாதிரிதான் கீது. அதுல நாலு பேரு நான்தான் மொதலாளின்னு சொன்னாங்க."

"உன் சீட்டக் கிழிச்சிடுவேன்."

"கிழிங்க சார். உள்ள போனாத்தான கிழிக்க முடியும்?" யோகலட்சுமி நிதானமாகச் சொன்னாள். "கோபப்படாதீங்க. ஒரே ஒரு கேள்வி. எங்க மொதலாளி தெனம் ரெண்டு தரம் என்னத் தாண்டித்தான் இந்தக் கதவுக்குள்ள போவாரு. பதினோரு வருஷமாப் போறாரு. என் பேரச் சொல்லுங்க, தெறந்துடறேன்."

ஷோபனா தன்னையறியாமல் நோட்டைத் திறந்து தொண்ணூற்று ஏழாம் பக்கத்தைத் தேடினாள். உச்சி அறை. கதவு எஃகு. உயரம் ஒன்பதடி. பரசுராமன் வளர்க்கும் மூன்று நாய்களுக்கும் அந்தப் பக்கத்தில் பெயர் இருந்தது. மலையேறும் பெட்டிக்குப் பெயர் இருந்தது. கதவருகே ஓர் ஆள் இருந்ததற்கே அடையாளம் இல்லை.

அவளுக்குக் காது மடல் சூடானது. பெயர் தெரியாதது பரசுராமனுக்கு மட்டுமா? மூன்று வருடம் உட்கார்ந்து அந்தக் கதவை எழுதியவளுக்கும் தெரியவில்லை.

"குத்துமதிப்பா எதனா சொல்லிடாதீங்க சார்" என்றாள் யோகலட்சுமி. "மூணு தரம் தப்பா சொன்னா மணியடிப்பேன்."

ஷோபனா நோட்டை மேஜையில் வைத்தாள். "தெரியாது" என்றாள். அது பரசுராமனின் குரல் இல்லை.

அப்போது தூண் பின்னாலிருந்து கரணை வந்தான். அதாவது தணிகாசலம் நாற்காலியை விட்டு எழுந்து, கும்பிட்டபடியே மிஷின் பக்கம் போனார்.

"எம்மா, எவ்ளோ நேரமா நின்னுகினு கீற? எதனா சாப்ட்டியா?"

"இல்ல. நீ யாரு?"

"சொல்றேன். மொதல்ல நீ சொல்லு. உம் பேரு இன்னா மா?"

யோகலட்சுமிக்கு விளையாட்டு முகம் போய் வேறு முகம் வந்திருந்தது. கடையில் வரிசை நீளும்போது அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை போலும். "ஞானம்மா" என்றாள்.

"ஞானம்மா, உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். நான் திருடன்தான். உள்ள மதகுத் திருகு இருக்குது. ஏரியில தண்ணி இருந்தும் கீழ பயிரு காயுது. அத்த எடுக்க வந்தேன்."

ஞானம்மா அவ்வளவு லேசில் விட்டுவிடவில்லை. எந்த ஊர், எந்த மதகு, யார் வயல் என்று குடைந்தாள். துளசிங்கத்தின் மின்னல் நடுவில் புகுந்து, தான் ரிப்பேருக்கு வந்த ஆள் என்று ஒரு பொய் சொன்னான். "அப்ப கையில ஸ்பேனர் எங்க?" என்று கேட்டதும் திணறினான். ரயில்வேயில் இருபது வருடம் ரிப்பேர் பார்த்தவருக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. பரசுராமன் பின்னால் நின்று கத்தினான். அவனை வரிசையில் நிற்கச் சொன்னாள். திறந்தால் உன் கதி என்ன என்று கரணையே அவளைக் கேட்டான். அதற்கும் ஒரு வழி பேசினார்கள். நாற்பது நிமிடம் போனது யாருக்கும் தெரியவில்லை. பகடை இரண்டும் முறுக்குத் தூளில் கிடந்தன.

கடைசியில் யோகலட்சுமி ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் தூக்கினாள். "எங்க வீடும் ஏரிக்குக் கீழதான். எடுத்துகினு போங்க. நோட்டுல எழுதிட்டுப் போங்க, திருகு ஒண்ணு. யாருக்குன்ற எடத்துல ஊருக்குன்னு எழுதுங்க."

தணிகாசலம் வெற்றுக் காற்றிலிருந்து ஒரு கனத்த இரும்பைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். துளசிங்கம் கைதட்டினார். ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டாள். இவ்வளவு சந்தோஷம் இந்த மேஜையில் அவளுக்கு வந்ததே இல்லை.

"பாவா, அந்தப் பதினோரு பக்கத்தையும் எடுத்துடப் போறேன்" என்றாள்.

"அட்டவணையெல்லாமா?" துளசிங்கம் பதறினார். அதில் பாதி அவர் போட்ட கணக்கு. கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. மொட்டையும் ஈர விரலும் இருக்கட்டும், சிமெண்ட் விரலும் புதிதாகச் சேரட்டும், அவை முதலாளிக்கும் பொருந்தும் என்று முடிவாயிற்று. மற்றவை போயின. ஏழு புள்ளி ஒன்றைத் தணிகாசலமே பேனா வாங்கிக் குறுக்கே அடித்தார். அவருக்கு அதில் அப்படி ஒரு திருப்தி.

ஷோபனா புதுப் பக்கம் எடுத்து எழுதினாள். மலைக்குப் போன வண்டிகள் திரும்பும் சத்தம் தெருவில் கேட்டது. துளசிங்கம் டீ வாங்கி வந்தார். டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டாள், ஒன்றேகால் பக்கம்தான் வந்தது. காலையில் முதல் மின்சார ரயிலில் அரக்கோணம் போய்க் கையோடு கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு உரக்கப் படித்தாள்.

"எந்தப் பூட்டும் தானாகத் திறப்பதில்லை. ஒவ்வொரு பூட்டின் பக்கத்திலும் ஓர் ஆள் இருப்பார். ஆட்டம் தொடங்குமுன் நடத்துபவர் அவருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். வீடு எங்கே, காலையில் என்ன சாப்பிட்டார் என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். முதலாளிக்கு இவை தெரியாது. ஆட்டக்காரர்கள் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். பகடை வேண்டாம்."

"ரொம்ப சரி" என்றார் தணிகாசலம்.

யோகலட்சுமி இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இரு, இரு. ஒண்ணு உட்டுட்ட."

"இன்னாது?"

"நாப்பது நிமிஷம் நின்னதுக்கே எனக்கு முட்டி கழண்டுபோச்சு. அவ பதினோரு வருஷமா நிக்கறா. உக்கார ஒரு நாற்காலி எழுது."

ஷோபனா எழுதினாள்.

"ஃபேனும் போடு" என்றாள் யோகலட்சுமி.